செர்விக்ஸ் என்றால் கழுத்து

தம்பி,

நீ அனுப்பிய தலையணை நேற்று வந்து சேர்ந்தது. கல்யாணத்தன்று கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் மண்டபம் வரை வேனில் உட்கார்ந்து போகும்போது அம்மாவுக்குக் கழுத்து வலித்துவிடக் கூடாது என்று ஓசூரில் இருந்துகொண்டே யோசித்து வாங்கியிருக்கிறாய். கழுத்தைச் சுற்றி மாட்டிக்கொள்கிற மாதிரி, லாட வடிவத்தில், நல்ல மெத்தென்று இருக்கிறது. உன் அம்மா அட்டைப் பெட்டியைப் பிரித்து அதை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, “ஏங்க, பதினேழு வருசமாச்சு. இன்னும் எத்தனை நாளைக்கு இந்தப் பிள்ளைய எங்கழுத்தப் பத்தியே விசாரிக்க வைக்கப் போறீங்க?” என்றாள். நான் அட்டைப் பெட்டியை மடிக்கத் தொடங்கினேன். “கல்யாணத்துக்கு முந்தி அவனுக்குத் தெரியணும். நீங்க தொடங்கி வச்சது. நீங்கதான் சொல்லணும்” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். போனில் சொன்னால் நடுவில் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். முதலில் ஒரு விஷயத்தை உடைத்துச் சொல்லிவிடுகிறேன். உன் அம்மாவுக்குக் கழுத்துவலி இருந்ததே கிடையாது.

நான் கால்நடைத் துறை வேலைக்குப் பயிற்சி எடுத்த காலத்தில் முதல் வாரமே கரும்பலகையில் ஓர் ஆங்கிலச் சொல்லை எழுதிப் போட்டார்கள். செர்விக்ஸ். லத்தீன் மொழியில் அதற்குக் கழுத்து என்று பொருள். கருப்பை ஒரு குடுவை மாதிரி இருக்கும், அதன் அடியில் ஒடுங்கி வருகிற பகுதிதான் கழுத்து, அதனால் அந்தப் பெயர் என்றார் சொல்லிக்கொடுத்தவர். மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவனுக்கு உடம்பில் மற்ற எந்த இடம் தெரியாவிட்டாலும் அந்த இடம் தெரிந்தாக வேண்டும். உறை போட்ட கையை உள்ளே விட்டுக் குடலின் சுவர் வழியாகத் தடவினால் கோழிக் கழுத்தைப் பிடித்த மாதிரி கெட்டியாக, வளையம் வளையமாகக் கைக்குள் சிக்கும். அதைப் பிடித்து நிறுத்திக்கொண்டுதான் மறு கையால் ஊசிக் குழாயை அதன் வழியே நுழைக்க வேண்டும். புதூர் வட்டாரத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் எத்தனை தொழுவங்களில் நின்று இதைச் செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. மழைக்காலத்தில் கரிசல் மண் மட்கார்டுக்குள் அடைத்துக்கொண்டு வண்டிச் சக்கரம் சுற்றாது. குச்சியால் நோண்டி நோண்டி எடுத்துவிட்டுப் போவேன். போன வீட்டில் ஆண்கள், பெண்கள், பெரியவர்கள் எல்லோர் முன்னாலும் “இதுக்குக் கர்ப்பப்பைக் கழுத்துல புண்ணு இருக்கு, அதான் சினை நிக்கல” என்று சத்தமாகச் சொல்வேன். யாரும் முகம் சுளித்தது கிடையாது. எனக்கும் கூச்சம் இருந்தது கிடையாது. மாட்டைப் பற்றி நான் பேசிய அளவுக்கு எங்கள் அலுவலகத்தில் வேறு எவரும் விளக்கமாகப் பேசியதில்லை என்று எனக்குள் ஒரு பெருமைகூட உண்டு.

அப்போது நீ ஐந்தாம் வகுப்பு. ஒரு நாள் சாயங்காலம் நான் வெளிக்குழாயில் ரப்பர் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தேன். அம்மா துணி எடுக்க வந்தவள், கொடிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, “எனக்கு நாள் கணக்கில்லாம இடையிலயும் படுது. ஒரு மாதிரி இருக்கு” என்றாள். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. நானும் நிமிரவில்லை. “சூடாயிருக்கும். இளநி குடி” என்றேன். அவ்வளவுதான், தம்பி. ஒரு பசுவுக்கு அப்படி இடையில் ரத்தம் படுகிறது என்று யாராவது வந்து சொல்லியிருந்தால் பத்துக் கேள்வி கேட்டிருப்பேன். எத்தனை நாளாக? நிறம் எப்படி? வாடை இருக்கிறதா? தீவனம் எடுக்கிறதா? கேட்டுவிட்டு அன்றைக்கே வண்டியை எடுத்திருப்பேன். உன் அம்மாவிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. தெரியாதவன் அப்படி இருந்தால் அறியாமை என்று விட்டுவிடலாம். எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்த எதையும் வீட்டு வாசலுக்கு உள்ளே கொண்டுவர என்னால் முடியவில்லை. நாளைக்கு உன் மனைவி உன்னிடம் ஏதாவது சொல்ல வந்து வேறு பக்கம் திரும்பி நின்று சொன்னாள் என்றால், கையில் இருக்கிற வேலையைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கம் போய் நில். இந்தக் கடிதத்தில் நான் சொல்லப் போகிற புத்திமதியில் பாதி இதுதான்.

எட்டு மாதம் அவள் என்னிடம் மறுபடி வாயைத் திறக்கவில்லை. பிறகு இடுப்பு வலி சேர்ந்துகொண்டது. எனக்குச் சொல்லாமலேயே ஒரு நாள் உன்னைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். அங்கிருந்த டாக்டரம்மா பார்த்துவிட்டு, சதை கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பி, முடிவு வந்ததும் கணவரைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். நான் போனேன். அவர் தாளைத் திருப்பி எனக்கு நேராக வைத்தார். அதில் அந்தச் சொல் இருந்தது. நான் பயிற்சியில் முதல் வாரம் படித்த சொல். கீழே இன்னொரு சொல், அது புற்று. “ஆரம்ப கட்டம்தான். கரண்டு வச்சா சரியாயிடும். ஆனா ஒரு நாளும் விடாம வரணும்” என்றார் டாக்டரம்மா. உன் அம்மா அவரிடம்தான் எல்லாம் கேட்டாள். எத்தனை வாரம், முடி கொட்டுமா, பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுக்கலாமா. நான் அந்தத் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பொய் எப்படித் தொடங்கியது என்று சொல்கிறேன், கேள். கரண்டு வைக்கத் திருநெல்வேலிக்குப் பஸ் ஏற நின்றுகொண்டிருந்தோம். நம் பழைய தெருவில் எதிர்வீட்டில் இருந்தாரே பாத்திரக்கடை அண்ணாச்சி, அவர் வந்தார். “என்ன, புருசனும் பொண்டாட்டியுமா காலைலயே? மதினிக்கு மேலுக்கு முடியலையா?” என்றார். “செர்விக்கல்” என்றேன். ஆங்கிலத்தில் சொன்னால் போதும், மேற்கொண்டு கேட்க மாட்டார் என்று நினைத்தேன். அண்ணாச்சி தன் பிடரியில் கையை வைத்துக்கொண்டு, “கழுத்துதான? எனக்கும் இருக்குல்லா, அஞ்சு வருசமா! தலையச் சுத்தும், கை மரமரங்கும். கரண்டு வச்சுக்கிட்டா கேக்கும்” என்றார். நான் ஆமாம் என்றேன். பார், தம்பி, நான் சொன்ன சொல்லில் பொய் கிடையாது. லத்தீனில் அது கழுத்துதான். முதுகெலும்பின் மேல் பகுதிக்கும் அதே பெயர், கருப்பையின் அடிப் பகுதிக்கும் அதே பெயர். அவர் ஒன்றை எடுத்துக்கொண்டார், நான் திருத்தவில்லை. நம் ஊரில் கழுத்துவலிக்கு மின்சாரம் வைப்பதையும் கரண்டு என்றுதான் சொல்கிறோம், புற்றுக்குக் கதிர் வைப்பதையும் கரண்டு என்றுதான் சொல்கிறோம். எனக்கு வேண்டிய பொய்யை யாரோ முன்கூட்டியே தைத்து வைத்திருந்த மாதிரி எல்லாம் பொருந்திவிட்டது.

அன்றைக்குத் திரும்பி வரும்போது மருந்துக்கடையில் கழுத்துப் பட்டை ஒன்று வாங்கினேன். உன் அம்மா முதலில் சிரித்தாள். வேடிக்கைக்கு வாங்கியிருக்கிறேன் என்று நினைத்தாள். நான் சிரிக்காததைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. “எங்க அக்காமாருட்டயாவது சொல்லிக்கிடுதேனே” என்று கெஞ்சினாள். “வேண்டாம். இது எதனால வருதுன்னு ஆளாளுக்கு ஒரு கதை கட்டுவான். நாளைக்கு நம்ம பிள்ளைக்குப் பொண்ணு குடுக்க யோசிப்பான்” என்றேன். உன்னைத்தான் காரணமாகக் காட்டினேன். உண்மையில் நான் பயந்தது எனக்காக. அந்த இடத்தில் வரும் நோய் நடத்தை கெட்டவர்களுக்கு வருவது என்று பேசுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவளைப் பேசினாலும் என்னைப் பேசினாலும் என்னால் தெருவில் நடக்க முடியாது என்று நினைத்தேன். அவள் பட்டையை மாட்டிக்கொண்டாள். திங்கள் முதல் வெள்ளி வரை, ஐந்து வாரம், பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போக, ஒன்றரை மணி நேரம் வர, பங்குனி வெயிலில், வயிறு புரட்டிக்கொண்டு வரும்போதும், அந்தப் பட்டை கழுத்தில் இருந்தது. மோவாய்க்குக் கீழே வேர்க்குரு கிளம்பிப் புண்ணாகிவிட்டது. உடம்பில் நோய் ஓர் இடத்தில், புண் ஓர் இடத்தில். அந்தப் புண்ணுக்குக் காரணம் நான். நீ பள்ளிவிட்டு வந்து அதற்குப் பவுடர் போட்டுவிடுவாய். உனக்கு நினைவிருக்கும்.

இனி உன் வேலம்மா அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதுவரை எழுதியது எளிதாக இருந்தது.

சிகிச்சை முடிந்து இரண்டு மாதம் இருக்கும். குளத்தூரிலிருந்து அவள் மூன்று நாள் தங்கிப் போக வந்தாள். மாமா உப்பளத்து வேலையில் இருந்ததால் தனியாகத்தான் வந்தாள், மடியில் மகள் மாரியைப் போட்டுக்கொண்டு. உனக்கு நுங்கும் எனக்குக் கருவாடும் கொண்டுவந்தாள். வந்ததிலிருந்து மதினி கழுத்து, மதினி கழுத்து என்று அதே பேச்சு. நல்லெண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுவந்து உன் அம்மாவின் பிடரியில் தேய்த்துவிட்டாள். ஒன்றுமே இல்லாத கழுத்தை என் தங்கை அரை மணி நேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். உன் அம்மா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் முன்னறையில் பேப்பர் படிக்கிற மாதிரி இருந்தேன், அடுப்படி வாசல் எனக்கு நேராகத் தெரியும். தேய்த்துக்கொண்டே வேலம்மா மெதுவாகக் கேட்டாள்: “மதினி, ஒங்களுக்கு மாசாமாசம் சரியா வருதா?”

உன் அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். என்னிடம் அனுமதி கேட்கிற பார்வை. நான் தலையை அசைத்தேன். வேண்டாம் என்று. பெரிதாகக்கூட அசைக்கவில்லை, ஈ விரட்டுகிற அளவுக்கு.

“அதெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஏட்டி, ஏன் கேக்க?” என்றாள் உன் அம்மா.

“சும்மாதான் மதினி. கேட்டேன்” என்றாள் வேலம்மா. எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அதற்கு ஒரு வருஷம் கழித்து அவளைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். உன் அம்மா எந்த வாசலில் ஏறி இறங்கினாளோ அதே ஆஸ்பத்திரி. அதே நோய். ஆனால் சிறுநீர்ப்பைக்குப் பரவி, சிறுநீரகம் வரை போயிருந்தது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளத்தான் இனிச் செய்ய முடியும் என்றார். நான் வார்டுக்குத் திரும்பி வந்தபோது உன் அம்மா கட்டிலில் ஏறி உட்கார்ந்து வேலம்மாவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். இந்த முறை அது அனுமதி கேட்கிற பார்வை இல்லை. குனிந்து, “ஏட்டி, எனக்கும் இதே எடத்துலதான் வந்துச்சு. கழுத்து இல்ல. அவ்வளவும் பொய்யி” என்றாள்.

வேலம்மா சொன்னாள்: “அன்னைக்கு நான் கேட்டப்ப எனக்கு ஆறு மாசமா படுது மதினி. ஒங்களுக்கும் இருந்தா ஒங்ககூட வந்து காட்டலாம்னுதான் கேட்டேன். நீங்க இல்லைன்னதும், எனக்கு மட்டும்தான் இப்பிடி அசிங்கமா வந்திருக்குபோலன்னு விட்டுட்டேன்.” கோபமாகச் சொல்லவில்லை. கணக்குத் தப்பிய இடம் எதுவென்று கண்டுபிடித்த பிள்ளை மாதிரி சொன்னாள். பிறகு என் பக்கம் கையை நீட்டினாள். “அண்ணே, நீ மாட்டு டாக்டர்தானே. ஒனக்குத் தெரியாம இருக்குமா” என்றாள். அது கேள்வியா, என்னைத் தேற்றுகிற பேச்சா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உன்னிடம் அத்தை வயிற்றுக் கட்டியில் போய்விட்டாள் என்று சொன்னோம். அவள் போனது என் தலையசைப்பில். டாக்டர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள், உன் அம்மாகூட அப்படிச் சொல்வதில்லை. முன்னாலேயே வந்திருந்தால் நிச்சயம் பிழைத்திருப்பாளா என்று யாராலும் சொல்ல முடியாதுதான். ஆனால் வருவதற்கு ஒரு வாய்ப்பு அடுப்படியில் அவள் முன்னால் வந்து நின்றது. அதைத் தட்டிவிட்டது நான். இதை நான் யார்மேலும் ஏற்றிவைக்க முடியாது.

பதினாறாம் நாள் விசேஷத்தில் குளத்தூர் வீட்டுக்குள் பெண்கள் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் ஆண்கள் வெளியே பந்தலில். உன் அம்மாவின் குரல் திடீரென்று வெளியில் கேட்கிற அளவுக்கு உயர்ந்தது. “எல்லாரும் ஒரு நிமிசம் கேளுங்க. வேலம்மாளுக்கு வந்தது வயித்துக் கட்டி இல்ல. கர்ப்பப்பை வாயில வந்த புத்து. எனக்கும் அதேதான் வந்துச்சு. நான் சீக்கிரமாப் போனேன், உக்காந்திருக்கேன். அவ பிந்திப் போனா, படத்துல இருக்கா.” ஒருத்தி மட்டும் மெதுவாக, “வாயிலயா? அவ வெத்தலைகூடப் போட மாட்டாளே” என்றாள். வேறொரு நாளாக இருந்தால் சிரிப்பு வந்திருக்கும். உன் அம்மா சிரிக்காமல், எந்த வாய், எங்கே இருக்கிறது, என்னென்ன தெரிந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும், பார்ப்பதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பந்தலில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தரையைப் பார்க்கவில்லை. வெட்கப்பட வேண்டிய ஆள் அங்கே நான் ஒருவன்தான் என்று தெரிந்துவிட்டதால், மற்ற வெட்கமெல்லாம் அந்த நிமிஷமே எனக்குப் போய்விட்டது.

ஊருக்கு வந்ததும் அவள் முதல் வேலையாகக் கழுத்துப் பட்டையைத் துவைத்துக் காயவைத்துப் பாத்திரக்கடை அண்ணாச்சியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். “அண்ணாச்சி, உண்மையிலேயே கழுத்துவலி ஒங்களுக்குத்தான். நீங்க போட்டுக்கிடுங்க. எனக்கு வந்தது வேற” என்று, என்ன வந்தது என்பதையும் சொன்னாள். அண்ணாச்சி அதை வாங்கிக்கொண்டு, “இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா. எங்க வீட்டுலயும் பொம்பளப்பிள்ளைய இருக்காவளே” என்றாராம். நான் யாருக்குப் பயந்து மறைத்தேனோ அந்த மனிதர் இவ்வளவுதான் சொன்னார்.

அன்றிலிருந்து உன் அம்மா யாரிடமும் மறைக்கவில்லை. மறைத்தது உன்னிடம் மட்டும். அப்போது உனக்குப் பன்னிரண்டு வயது, விடுதியில் சேர்த்திருந்தோம். “அவன்கிட்ட நான் சொல்லுதேன், நேரம் வரட்டும்” என்றேன். பத்தாம் வகுப்பு முடியட்டும் என்றேன், பிறகு பன்னிரண்டு, பிறகு காலேஜ், பிறகு வேலை. நீ ஒவ்வொரு தடவை போன் போட்டு “கழுத்து எப்படிம்மா இருக்கு?” என்று கேட்கும்போதும் அவள் என்னைப் பார்த்துக்கொண்டே “பரவாயில்லப்பா” என்பாள். வருஷத்துக்கு ஒரு தடவை இருவரும் திருநெல்வேலிக்குப் போய்ப் பரிசோதனை செய்துகொண்டு வருவோம். இந்த வருஷமும் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். நீ கவலைப்பட ஒன்றும் இல்லை. அவள் உன் கல்யாணத்தில் நம் எல்லோரையும்விட அதிகம் நடப்பாள்.

அத்தை போன பிறகு எனக்கு அந்தச் சொல்மீது ஒரு வெறி வந்துவிட்டது. அகராதிகளைத் தேடினேன். ரோமானியர்கள் எதற்கெல்லாம் அதைச் சொன்னார்கள் என்று படித்தேன். மனிதனின் பிடரி, நுகத்தடி உட்காரும் காளையின் பிடரி, ஜாடியின் ஒடுங்கிய கழுத்து, இரண்டு பக்கமும் கடல் நெருக்குகிற ஒடுங்கிய நிலம், எல்லாம் செர்விக்ஸ்தான். தலை என்ற பழைய வேரும் கட்டுவது என்ற வினையும் சேர்ந்து வந்த சொல்லாக இருக்கலாம், தலையை உடம்போடு கட்டி வைப்பது கழுத்துதானே என்று சிலர் ஊகிக்கிறார்கள். உறுதியாக யாருக்கும் தெரியாதாம். எனக்குப் பிடித்தது இன்னொன்று. அதையே பன்மையில் சொன்னால் துணிச்சல், பிடிவாதம் என்று பொருளாம். ஒருவனுக்கு அவ்வளவு கழுத்து இருக்கிறதா என்று கேட்டால் அவ்வளவு தைரியம் இருக்கிறதா என்று அர்த்தம். பட்டை போட்ட நாட்களில் என் வீட்டில் அந்தப் பொருளில் கழுத்து இருந்தது உன் அம்மாவுக்குத்தான், எனக்கு இல்லை. தமிழில் நாம் அந்த இடத்தைப் பெரும்பாலும் வாய் என்கிறோம். அதுவும் நல்ல பெயர்தான். பெயர் எதுவாக இருந்தாலும் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் நான் அத்தனை அகராதியிலும் கற்றது.

உன்னிடம் இரண்டு மூன்று காரியங்கள் கேட்கிறேன். நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடம் இந்தக் கடிதத்தைக் கொடு. தன் மாமியாருக்கு என்ன வந்தது என்று அவள் மூன்றாம் ஆள் சொல்லித் தெரிந்துகொள்ளக் கூடாது. அவள் டாக்டரிடம் போனால் வெளியே செல்போனைப் பார்த்துக்கொண்டு நிற்காதே, அவள் வேண்டாம் என்று சொன்னால் ஒழிய உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார். நீ பேசத் தடுமாறும்போது யாராவது உன் பேச்சைத் தங்களுக்குத் தோன்றிய மாதிரி முடித்துவைத்தால் அதற்குத் தலையாட்டிவிடாதே. நிறுத்தித் திருத்து. அப்படித் தலையாட்டுவதற்கு எவ்வளவு சுகமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு மாரி வருவாள். அவளுக்குத் தன் அம்மாவைப் பற்றி எல்லாம் தெரியும், நானே உட்காரவைத்துச் சொன்னேன். இந்த நோய்க்கான தடுப்பூசியும் அவளுக்குப் போட்டாகிவிட்டது. அவளிடம் அத்தையைப் பற்றிப் பேசு. பேசாமல் ஒதுங்கிப் போகாதே.

ஒரு விஷயம் சொல்லி முடிக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும் பழகிய வீடுகளில் கூப்பிட்டால் போகிறேன் இல்லையா? போன மாதம் புதூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில், புதிதாகக் கல்யாணமான ஒரு பையன் வீட்டுப் பசு. மூன்று தடவை ஊசி போட்டும் சினை பிடிக்கவில்லை. கையை விட்டுப் பார்த்து, கழுத்தில் வீக்கம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தொழுவத்து வாசலில் தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்த அவன் மனைவி, “சார், மாட்டுக்கு இருக்கது மாதிரி மனுசருக்கும் அங்கன புண்ணு வருமா?” என்று கேட்டாள். அவன் சட்டென்று கயிறு எடுக்கப் போகிற மாதிரி நகர்ந்தான். “ஏலே, நில்லு. நீயும் கேளு” என்றேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து இருவரையும் எதிரில் வைத்து, பூட்ஸ் கழுவிய அன்று நான் கேட்காமல் விட்ட பத்துக் கேள்வியையும் கேட்டேன். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். இரண்டு பதில் எனக்குப் பிடிக்கவில்லை. உன் அம்மாவுக்குப் போன் போட்டு அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து அந்தப் பையன் கூப்பிட்டான். “சார், பாத்துட்டோம். பயப்படுற மாதிரி ஒண்ணுமில்லையாம், வெறும் புண்ணுதான், மருந்து குடுத்திருக்காவ. நானும் உள்ள போயி உக்காந்துக்கிட்டேன்” என்றான். எங்கே இருந்து பேசுகிறாய் என்று கேட்டேன். டீக்கடையில் நிற்கிறேன் என்றான். அடுப்புச் சத்தமும் ஆட்கள் பேசுவதும் பின்னால் நன்றாகக் கேட்டன. “டாக்டரம்மா எடத்தோட பேரச் சொன்னாவ. நான் சரியாச் சொல்லுதேனான்னு பாருங்க சார்” என்றவன், கர்ப்பப்பை வாய் என்று இரண்டு தடவை சொன்னான். குரலைத் தாழ்த்தவே இல்லை. அவனுக்கு உன்னைவிட இரண்டு வயது குறைவாக இருக்கும், தம்பி.

உன் அப்பா